மிச்சத்தில் பிடித்த மலைச்சிங்கம்

போன மாதம் லண்டனில், குட்மேய்ஸில் ஓர் ஐம்பதாவது பிறந்தநாள். நம் வயதுக்காரர்கள் பத்துப் பேர் ஒரே மேசையில் இருந்தோம். சர்க்கரை, பிரஷர், முழங்கால் எல்லாம் பேசி முடிந்த பிறகு, ஆளாளுக்கு வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் தொடக்கி வைத்தார். ஒருவர் மரதன் ஓட்டம் ஓடியிருந்தார். இன்னொருவர் மூன்று வீடு வாங்கியிருந்தார். என் முறை வந்தது. "நான் பத்து வயசில மிச்சத்தில மலைச்சிங்கம் பிடிச்சனான்" என்றேன். மேசையே சிரித்தது. ஒருவருக்குக் குடித்த சோடா மூக்கால் வந்தது.

சிரித்தவர்களே, இது உங்களுக்குத்தான். அன்று கேக் வெட்டக் கூப்பிட்டதால் நான் பேசாமல் எழும்பிப் போனேன். இப்போது ஆறுதலாக உட்கார்ந்து கேளுங்கள். இடையில் வாய் திறக்கக் கூடாது.

மிச்சம் என்கிற அந்தத் தெற்கு லண்டன் ஊருக்கு அந்த நாளில் டிராம் வரவில்லை. அப்பா வேறொருவருடைய மூலைக் கடையை நடத்தினார். நாங்கள் கடைக்கு மேலே குடியிருந்தோம். இன்று அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். கடைக்குப் பின்னால் சீமெந்து முற்றம், முற்றத்தின் கோடியில் செங்கல்லால் கட்டிய ஒரு பழைய ஸ்டோர், மதிலுக்கு அந்தப் பக்கம் கொமன் என்கிற ஊர்ப் பொதுவெளி. கொமன் என்றால் இப்போது நீங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற அதே இடம்தான். எனக்கு அப்போது அது முடிவில்லாத காடு. முட்பற்றைகள், குளம், ஆள் உயரப் புல், எங்கோ ஒரு மூலையில் கோல்ஃப் அடிக்கிற வெள்ளைக்காரர்கள்.

நாங்கள் மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நாங்கள் கத்தோலிக்கர். எனக்கு முதல் நன்மை, அதாவது முதல் தரம் நற்கருணை எடுக்கும் வயது தாண்டியிருந்தது. ஊரில் சண்டைக்குப் பயந்து ஓடித் திரிந்ததில் ஒரு வருஷம் போனது, இங்கே வந்து பாஷை தெரியாமல் முழித்ததில் இன்னொரு வருஷம் போனது. அந்த ஆனி மாதம்தான் எனக்கு நாள் குறித்திருந்தார்கள். வரிசையில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஏழு, எட்டு வயது. நான் அவர்கள் நடுவில் லாம்புக் கம்பம் மாதிரி நின்றேன். அம்மா தன் கலியாணத்து வெள்ளைச் சேலையை வெட்டி எனக்குச் சட்டை தைத்திருந்தார். நான் வளர்ந்துகொண்டே இருந்ததால் அதன் கரையை இரண்டு தரம் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இன்னொரு வருஷம் தள்ளிப் போனால் அந்தச் சட்டையும் போதாது, என் மானமும் போதாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமைகளில் விடிய ஐந்து மணிக்கு அப்பாவோடு நானும் கீழே இறங்குவேன். பேப்பர் கட்டுகளைப் பின் முற்றத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். கட்டின் பிளாஸ்டிக் வாரைக் கத்தியால் அறுப்பது என் வேலை. அறுத்தவுடன் கட்டு ஒரு மூச்சு விட்டு விரியும். மையின் மணம், ஈர மட்டைப் பெட்டியின் மணம், பால் போத்தல்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் எல்லாம் எனக்கு வலு விருப்பம். ஆனி மாதத்தில் அந்த நேரம் நல்ல வெளிச்சமாக இருக்கும். ஆகவே, "இருட்டில எதையோ கண்டிருப்பாய்" என்று ஒருவரும் சொல்ல வேண்டாம்.

அப்படி ஒரு சனிக்கிழமை மதிலின் மேல் அது நின்றது. பால் விட்ட தேத்தண்ணியின் நிறம். காது சின்னது, வாய்ப்பக்கம் வெள்ளை, வால் மதிலுக்கு இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, வால் நுனி கறுப்பு. உடைந்த முட்டைகளை அப்பா போட்டு வைத்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தது. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் புதினம். கத்தி கையில் இருந்ததைக்கூட மறந்து போனேன். அது ஒரு சத்தமும் இல்லாமல் அந்தப் பக்கம் குதித்துப் போய்விட்டது.

"அப்பா, மதிலில பூமா நிண்டது."

அப்பா தலை நிமிராமல் பேப்பர் எண்ணினார். "நரியாயிருக்கும், பிள்ளை."

"நரியில்லை. எனக்கு நரி தெரியாதே?"

"நரிதான். உள்ள வா."

எனக்கு அது பூமா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த நாளில் தேயிலைப் பெட்டிக்குள் விலங்குப் படம் அச்சடித்த சின்ன மட்டை ஒன்று வரும். நினைவிருக்கிறதா? கடையில் பெட்டி உடைந்தால் அந்த மட்டை எனக்கு. என்னிடம் பதினேழு மட்டைகள் இருந்தன, அதில் பூமாவும் இருந்தது. மலைச்சிங்கம் என்றும் அதற்குப் பெயர் என்று பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மேலே ஓடிப் போய் மட்டையை எடுத்துப் பார்த்தேன். அதே வாய், அதே வால் நுனி.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் மறைக்கல்வி. எங்கள் மறைக்கல்வி ரீச்சர் ஊரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், கெட்டிக்காரி, கண்டிப்பு. இந்தக் கிழமை கடவுள் உங்களுக்குக் காட்டிய ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஒருத்தன் வானவில் என்றான். ஒருத்தி தன் தம்பிப் பாப்பா என்றாள். நான் எழும்பி நின்று மலைச்சிங்கம் என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. "லண்டனில மலை எங்க, சிங்கம் எங்க?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த மட்டையை எடுத்து நீட்டினேன். அதுதான் என் பிழை. ரீச்சர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படத்தைப் பாத்திட்டுக் கதை கட்டியிருக்கிறாய். அதுவும் கடவுளின்ர பேரில. வாற சனிக்கிழமைக்கு அடுத்த சனி நீங்கள் ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்யிற நாள், மறுநாள் முதல் நன்மை. அதுக்கு முதல் இஞ்ச எல்லாருக்கும் முன்னால, பொய் சொன்னனான் எண்டு சொல்லு. சொல்லாட்டி இந்த வருஷம் முதல் நன்மை இல்லை."

அதோடு விட்டாரா? கோயில் வாசலில் அம்மாவைப் பிடித்து, சனங்கள் நிற்க நிற்க அதையே திருப்பிச் சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கியது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, "ஒரு சொல்லுத்தானே, சொல்லிப்போட்டு வாவன்" என்றார்.

"பொய் சொல்லாத நான், பொய் சொன்னனான் எண்டு சொன்னால் அதுதானே அம்மா பொய்?"

"உன்ர வாய்க்கு ஒருத்தரும் பதில் சொல்ல ஏலாது."

உண்மைதான். இன்றும் ஏலாது.

இந்த இடத்தில் பெரியப்பா வருகிறார். அப்பாவின் அண்ணை. ஜெர்மனியில் பத்து வருஷம் வெல்டிங் செய்துவிட்டு, ஒரு இரும்புப் பெட்டி நிறைய வேலைச் சாமான்களோடு அந்த வசந்தகாலம்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். ஸ்ட்ரெதமிலும் மிச்சத்திலும் தமிழ்க் கடைகளுக்கு இரும்பு ஷட்டர் போட்டுக் கொடுப்பது அவருக்குத் தொழில். மடுக் காட்டில் தான் வேட்டையாடிய கதைகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. பன்றி, மான், மரை எல்லாம் சொல்லுவார். ஒருநாள் கதையில் ஒரு சிறுத்தை வந்தால் அடுத்த நாள் கதையில் அது இரண்டாகிவிடும். விஷயத்தைக் கேட்டவுடன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கொடியில இருக்கிற சிங்கத்துக்குப் பயந்துதானே நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சயும் வந்திட்டுதோ?" என்று முதலில் பகிடி விட்டார். பிறகு என்னை முன்னால் நிறுத்தி ஒரு பொலிஸ்காரனைப் போல விசாரித்தார். எவ்வளவு நீளம், எப்படிக் குதித்தது, பாயும் முன் பின்னங்காலை மடித்ததா. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "தம்பி, பிள்ளை பூனைச்சாதி ஒண்டைத்தான் கண்டிருக்கிறாள்" என்றார்.

"அண்ணை, நீங்களும் சேந்து விசர்க்கதை கதைக்காதையுங்கோ" என்றார் அப்பா.

பெரியப்பா கேட்கவில்லை. காலடித் தடம் பார்த்தால் தெரிந்துவிடும், நாயென்றால் நகம் பதியும், பூனைச்சாதி நகத்தை உள்ளே வைத்துக்கொண்டு நடக்கும் என்று சொல்லி, முற்றம் முழுக்க மணலைப் பரவினார். ஆனால் நாங்கள் எழும்பிக் கீழே வருவதற்குள் அப்பா முற்றத்தைக் கூட்டி, குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவி முடித்திருந்தார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாளும். "உனக்கென்ன இவ்வளவு சுத்தம்?" என்று பெரியப்பா பல்லைக் கடித்தார். அப்பா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்குள் போனார்.

அடி கிடைக்காவிட்டால் ஆளையே பிடிப்போம் என்று முடிவாயிற்று. சுடத் துவக்கு இல்லை, வலை இல்லை. பெரியப்பாவிடம் ஷட்டர் இருந்தது. ஸ்ட்ரெதமில் ஒரு கடையிலிருந்து கழற்றிய பழைய ஷட்டரைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டோரின் வாசலில் பொருத்தினார். மேலே சுருண்டு நிற்கும் ஷட்டரை ஒரு ஆணி தாங்கும். ஆணியில் கயிறு. கயிறு மதில் ஓரமாக வந்து, அம்மா சமைக்கிற குசினி ஜன்னலால் வீட்டுக்குள் ஏறும். மேலே இருந்து ஆணியை இழுத்தால் ஷட்டர் தடால் என்று விழும். மூன்று தரம் விழுத்திப் பார்த்தோம். மூன்றாம் தரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தலையை நீட்டி எல்லாம் சுகம்தானா என்று கேட்டார். பெரியப்பா அவருக்கு ஜெர்மன் மொழியில் பதில் சொன்னார்.

இரைக்கு ஆட்டுத் தொடை. பெரியப்பா முழுசாக வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை மூன்றாக வெட்டி பிரிஜ்ஜில் வைத்தார். விடிய நான்கு மணிக்கு ஒரு துண்டை எடுத்து ஸ்டோருக்குள் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, நானும் பெரியப்பாவும் குசினி ஜன்னலில் குந்திக்கொள்வோம். அம்மா தேத்தண்ணி தருவார். சிங்கத்துக்காக அல்ல, பெரியப்பா நித்திரையாகிவிடாமல் இருப்பதற்காக. விடியற்காலை வெளிச்சம் முதலில் மதிலில் ஏறும், பிறகு பால் பெட்டிகளில் இறங்கும். எங்கோ முதல் பஸ் போகும் சத்தம் கேட்கும்.

இரண்டாம் வாரம் செவ்வாய் ஒன்றும் வரவில்லை. புதன் ஒன்றும் வரவில்லை. வியாழன் ஒரு நரி வந்தது. ஸ்டோருக்குள் போனது, உடனே வெளியே வந்தது, இரண்டு தரம் தும்மியது, போய்விட்டது. பெரியப்பா பெருமூச்சு விட்டார். கயிற்றைச் சுருட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பிள்ளை, நானும் உந்த வயசில எத்தனையோ கண்டிருக்கிறன். மரத்தடியைப் பாத்துப் பன்றி எண்டு கத்தியிருக்கிறன். அது பொய்யில்லை, கண்ணின்ர பிழை. ரீச்சரிட்டை அப்படிச் சொல்லிப்போடு."

என் பக்கம் நின்ற ஒரே ஆளும் போய்விட்டார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். வெள்ளைச் சட்டை கதவின் பின்னால் தொங்கியது. அதன் கையைப் பிடித்து மூக்கைத் துடைக்கப் போய், நல்லகாலம், கடைசி நேரத்தில் விட்டுவிட்டேன்.

அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் என் மண்டைக்குள் அந்த நரி தும்மிக்கொண்டே இருந்தது. மிச்சத்து நரியை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றிய நப்பியையும் விடாது. சவர்க்காரத்தையும் கடித்துப் பார்க்கும். அப்படிப்பட்ட நரி நல்ல ஆட்டுத் தொடையை விட்டுவிட்டுப் போனதா? மலைச்சிங்கம் வராததற்கு நான் பொய்க்காரி என்று காரணம் சொல்லலாம். நரி தின்னாததற்கு என்ன காரணம்?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தேன். அடுத்த நாள் பாவசங்கீர்த்தனம். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே ஸ்டோருக்குப் போனேன். முதல் நாள் தொங்கவிட்ட இறைச்சி அப்படியே கிடந்தது. ஈகூட மொய்க்கவில்லை. விரலால் தொட்டேன். விரல் மஞ்சளாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். மேலே ஏறி வந்து அம்மாவின் முன்னால் விரலை நீட்டினேன்.

"அம்மா, இறைச்சிக்கு என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? கழுவினனான்."

"என்ன போட்டு?"

"மஞ்சளும் உப்பும் வினாகிரியும். எப்பவும் கழுவிறதுபோலத்தான். பின்னை, கழுவாத இறைச்சியை பிரிஜ்ஜுக்குள்ள வைக்கிறதோ? பச்சை மணம் வீடு முழுக்க வராதோ?"

பெரியப்பா கதிரையிலிருந்து எழும்பினார். மறுபடி உட்கார்ந்தார். தலையில் கையை வைத்தார். "தங்கச்சி, கொண்டு வந்தது சிங்கத்துக்கு" என்றார்.

"சிங்கமெண்டா ஊத்தை இறைச்சி தின்னவேணுமோ, அத்தான்?"

அம்மா பகிடிக்குச் சொல்லவில்லை. இன்று நானும் அப்படித்தான். கடையிலிருந்து எந்த இறைச்சி வந்தாலும் என் கை தானாக மஞ்சள் போத்தலுக்குப் போகிறது. நம் வீட்டுப் பெண்கள் ஒருவரிடமும் கழுவாத இறைச்சியைக் கொடுத்து அதை அப்படியே வைத்திருக்கச் சொல்ல ஏலாது. மூன்று நாளாக நாங்கள் காட்டு விலங்குக்கு அரைவாசி கறி வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாலை ஆறு மணி. இறைச்சிக் கடை பூட்டுகிற நேரம். பெரியப்பாவின் வானுக்கு உயிர் வரவில்லை. நான் கீழே கடைக்கு ஓடினேன். அப்பா சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கதையை ஒரே மூச்சில் சொன்னேன். "அப்பா, ஒரே ஒரு நாள். கழுவாத இறைச்சி. நாளைக்கும் வராட்டி நான் ரீச்சர் சொன்னபடி சொல்லிறன்."

அப்பா என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் கண் ஏன் அப்படிக் கலங்கியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கும்போதே கடையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். அரை மணியில் ஒரு பையோடு வந்தார். பையின் அடியிலிருந்து இரத்தம் சொட்டியது. வீட்டுக்குள் கொண்டு வராமல் நேரே ஸ்டோருக்குப் போய்த் தன் கையாலேயே தொங்கவிட்டார். அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போட்டார்.

சனி விடிய நான்கரை. ஜன்னலில் நான், பெரியப்பா, எங்களுக்குப் பின்னால் இரவுச் சட்டையோடு அம்மா. அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். கயிறு பெரியப்பாவின் கையில். மதிலில் வெளிச்சம் ஏறியது. பிறகு அந்த வெளிச்சத்தில் இரண்டு சின்னக் காதுகள் தெரிந்தன.

அது மதிலில் நீட்டி நிமிர்ந்து நின்றது, நான் சொன்ன அதே நிறம், அதே வால். இறங்கியது. முற்றத்தைக் குறுக்கே நடந்தது. ஸ்டோர் வாசலில் ஒரு கணம் நின்றது. உள்ளே போனது. வால் நுனியும் உள்ளே போனது.

"பெரியப்பா, இழுங்கோ."

அவர் இழுக்கவில்லை. மடுக் காட்டுச் சிறுத்தைகளை எல்லாம் வென்றவர் வாயைத் திறந்தபடி சிலையாகிவிட்டார். நான் அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, காலைச் சுவரில் ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் எறிந்து இழுத்தேன். ஆணி கழன்றது. ஷட்டர் விழுந்த சத்தத்தில் அந்தத் தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. நான் அம்மாவின் காலடியில் மல்லாந்து கிடந்தேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகும் நல்லது எத்தனையோ நடந்திருக்கிறது. கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் அந்த நிலத்தில் கிடந்தபோது நான் பட்ட சந்தோஷத்துக்குக் கிட்ட எதுவும் வரவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"உள்ள நிக்குது" என்று பெரியப்பா கிசுகிசுத்தார். "பிள்ளை, உண்மையா உள்ள நிக்குது."

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அப்பா என்னை மட்டும் பார்த்துப் பேசினார். "நீ காண முதலே நான் கண்டிட்டன். இரண்டு தரம். மணலில அடியும் கிடந்தது. நான்தான் கழுவினனான்."

அம்மா பொரிந்து தள்ளினார். பெற்ற பிள்ளையைச் சனத்துக்கு முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டு இரண்டு கிழமை வாய் மூடி இருந்தீர்களோ என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்தார். "எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. சிங்கம் எண்டு வெளியில சொன்னால் பொலிஸ் வரும், பேப்பர்காரர் வருவினம். எங்கட வாசலுக்குப் பொலிஸ் வரக்கூடாது எண்டு நினைச்சன். பிள்ளை ஒரு சொல் சொல்லிப்போட்டு வந்திடுவாள், முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்."

ஊரில் பொலிஸ் ஜீப் வீட்டு வாசலில் நின்றால் என்ன நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கு அது விளங்க இன்னும் இருபது வருஷம் போயிற்று. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அப்பா அதோடு நிற்கவில்லை. கீழே போய்க் கடைத் தொலைபேசியை எடுத்தார். பெரியப்பா, "நான் அடிக்கிறன், தம்பி" என்றார். "இல்லை, அண்ணை. நான்தான் அடிக்கவேணும்" என்று அப்பா பொலிஸைக் கூப்பிடுகிற மூன்று ஒன்பதையும் தானே சுழற்றினார். எனக்கு முன்னால், தன் முழுப் பெயரையும் விலாசத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், "என்னுடைய மகள் ஒரு மலைச்சிங்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள்" என்றார். அந்தப் பக்கம் சிரித்திருக்க வேண்டும். அப்பா குரலை உயர்த்தாமல் அதே வசனத்தை மறுபடி சொன்னார்.

பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். சிரித்துக்கொண்டே வந்தார்கள். செங்கல் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது, அதற்குள் முதலாமவர் கண்ணை வைத்தார். வைத்தவர் பின்னால் வந்து தொப்பியைக் கழற்றினார். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. தெருவை மறித்தார்கள். ஏதோ மிருகக்காட்சிச்சாலையிலிருந்து ஆட்கள் மயக்க ஊசியோடு வந்தார்கள். காலைப் பூசைக்குப் போன தமிழ்ச் சனம் முழுக்க எங்கள் கடை வாசலில் நின்றது. அன்று அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் களைத்துப் போனார்.

மயங்கிய பிறகு என்னைக் கிட்டப் பார்க்க விட்டார்கள். அது ஒரு கிழடு. விலா எலும்பு எண்ணலாம். கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து ஒரு வளையம் இருந்தது. யாரோ ஒரு பணக்காரர் கழுத்துப் பட்டி போட்டு வளர்த்துவிட்டுக் கைவிட்டிருப்பார் என்றார்கள். ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. நல்ல இடத்தில் வைத்துச் சாப்பாடு போடுவோம் என்று மருத்துவர் எனக்குக் கைகொடுத்துச் சொன்னார். அதற்குத் தெரியாமலே நான் அதற்கும் ஒரு நன்மை செய்திருக்கிறேன்.

ரீச்சரும் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மிருகக்காட்சிச்சாலை வானில் ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் பெரிய உடம்பைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவர் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லோரும் செய்ய மாட்டார்கள். அன்று பின்னேரம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கும் தாய் தகப்பன்மாருக்கும் முன்னால் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பிள்ளை உண்மை சொன்னவள். பிழை என்ரது. நான் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லிப்போட்டன். எனக்காக எல்லாரும் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்கோ."

சொன்னோம். என் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது. அம்மா முன்வரிசையில் இருந்தார், முதுகு நிமிர்ந்திருந்தது. அப்பா கடைசி வரிசையில் இருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது கையை மெல்ல உயர்த்திக் காட்டினார். என் கோபம் அந்தக் கையோடு போய்விட்டது.

பிறகு பாவசங்கீர்த்தனம். எங்கள் பங்குச் சுவாமி ஐரிஷ்காரர், வயதானவர். பாவம் சொல்லும் மரக் கூண்டுக்குள் முழங்காலில் நின்றால் அவருடைய இருமல் மிட்டாயின் மணம் வரும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாவங்களை வரிசையாகச் சொன்னேன். அம்மாவுக்கு வாய் காட்டியது. கடையில் ஒரு டொஃபி எடுத்தது. பெரியப்பாவின் கையிலிருந்து மரியாதையில்லாமல் கயிற்றைப் பிடுங்கியது.

"வேறு ஏதாவது உண்டா, மகளே?"

"பெருமை, ஃபாதர். விடிய ஐந்து மணியிலிருந்து எனக்குச் சரியான பெருமை."

"அதற்காக மனம் வருந்துகிறாயா?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். ஓம் என்று சொன்னால் காரியம் முடிந்தது. நாளை வெள்ளைச் சட்டை போடலாம். ஆனால் இரண்டு கிழமையாக எதற்காக அவ்வளவு பாடுபட்டேன்?

"இல்லை, ஃபாதர்."

சுவாமி சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. மற்றப் பாவங்களுக்கு மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். பெருமைக்கு மட்டும், "அதற்கு எப்போது வருத்தம் வருகிறதோ, அப்போது கொண்டு வா" என்றார்.

நாற்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது. நான் இன்னும் கொண்டு போகவில்லை.